தையற்கார அம்மாவின் அடுப்படி வழியே ஒரு நடைபாதை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மாமியாரும் நலம், முழங்கால் நீங்கலாக. மகளும் பேத்தியும் அங்கே நலமென நம்புகிறேன். போனில் சொன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற அந்தப் பொது வரைபடத்தில் எங்கள் பேட்டைச் சந்துகளைச் சேர்க்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷ நடை என்று உங்கள் மென்பொருள் கணக்குப் போடும், அதிகமென்று வந்தால் நகராட்சி இங்கேயே ஒரு கிளை திறக்கும் என்றீர்கள். நானும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன், அது என் தடத்தைப் பதிந்தது, அதன்மேல் கோடிழுத்து 'நடைபாதை' என்று ஏற்றிவிட்டேன். ஆனால் மாப்பிள்ளை, நான் முப்பத்தைந்து வருஷம் மின்சார மீட்டர் பார்த்தவன். முன்வாசலில் நுழைந்து, மீட்டரைப் பார்த்து, பின்வாசலில் இறங்கி, அடுத்த வீட்டுக்குள் ஏறுவதுதான் எனக்குத் தெரிந்த நடை. பழக்க தோஷம், கால் அப்படியே போய்விட்டது. "வாங்க மீட்டர் சார்" என்று அவர்களும் வழிவிட்டார்கள். இப்போது வரைபடத்தை நம்பிப் பார்சல்காரர்களெல்லாம் தையற்கார அம்மாவின் அடுப்படி வழியாகப் போகிறார்கள். "மீட்டர் சார், எங்க வீடு என்ன பஸ் ஸ்டாண்டா? அடுப்புல என்னன்னு எட்டிப் பாத்துட்டுப் போறான் ஒருத்தன்!" என்று அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். உங்கள் மாமியாரோ, "முப்பத்தஞ்சு வருஷமா ரோட்டையே பாக்காத மனுஷன்கிட்ட போய் ரோடு வரையச் சொன்னாராக்கும் மாப்பிள்ளை!" என்கிறாள்.

அதுகூடப் போகட்டும். என் கோடுகளை வைத்து உங்கள் மென்பொருள் போட்ட கணக்கறிக்கையைக் காட்டி, 'இப்பேட்டையில் எவரும் எட்டு நிமிஷத்துக்கு மேல் நடக்க வேண்டியதில்லை, கிளை அநாவசியம்' என்று நகராட்சிக்காரர்கள் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ரோட்டு வழியே இருபத்தைந்து நிமிஷம், அதுவும் நல்ல முழங்காலுக்கு! நல்லது செய்யப் போய் நாலு தெரு ஜனங்களின் வாயில் மண்ணைப் போட்டேன். தெருவில் தலை நிமிர வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில்தான் கடைசி முடிவாம். அதற்குள் என் கோடுகளை ஒன்றுவிடாமல் அழித்து, மறுபடி கணக்கிட்டு, 'தப்பு என் மாமனாருடையது' என்று தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.

மகளுக்கு ஆசி, பேத்திக்கு முத்தம், உங்களுக்கு மன்னிப்போடு சேர்ந்த வணக்கம்.

இப்படிக்கு,
வரைபடத்தில் வாசற்படி தாண்டிய மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மாமியாருக்கு நெஞ்சுவலி. பதறாதீர்கள், இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னைத் திட்டுகிறாள். தையற்கார அம்மாதான் மிஷினை ஒதுக்கிக் கதவைத் திறந்துவிட்டார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏழு வீடு புகுந்து எட்டே நிமிஷத்தில் வந்துவிட்டோம். "இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா சொல்றதுக்கில்ல" என்றார் டாக்டர். "அந்தக் கோட்ட அழிச்சிடாதீங்க மீட்டர் சார்" என்று தையற்கார அம்மா சொல்லிவிட்டார், ஆகவே அழிக்க வேண்டாம். 'நடைபாதை' என்பதை மட்டும் 'கதவைத் தட்டவும்' என்று மாற்றுங்கள். நகராட்சிக்கு இதை எழுதுங்கள்: எட்டு நிமிஷம் உண்மைதான், ஏழு வீட்டுக்காரர்களும் வீட்டில் இருந்தால்.