சான்றிதழ் வேண்டாம் என்ற பக்தவத்சலம்

ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருந்தால், பக்தவத்சலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தவறான கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றிருக்க மாட்டார். பன்னிரண்டு வருடமாக ஒரு மின்விசிறிக் கம்பெனியில் 'இதை மாட்டவும், அதைத் திருகவும்' என்று கையேடு எழுதுகிறவர். அடுத்தவர் எழுதிய குறிப்பைப் படிக்கும் வழக்கம்தான் அவருக்கு இல்லை.

கையேடு எழுதுவோருக்குச் சான்றிதழ் தேவையா என்று சங்கத்தில் இரண்டு வருடமாகச் சண்டை. தேவையே இல்லை என்று மைக்கைப் பிடித்துக் கத்தியவர் இவர்தான். போன மாதம், சான்றிதழ் இல்லாதவருக்கு இனி வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். கொள்கை அன்று மாலையே விண்ணப்பம் வாங்கியது.

பரீட்சை எளிதுதான். கழற்றிப் போட்ட மேஜை விசிறியைப் பூட்டும் முறையை எழுத வேண்டும். அதைப் பார்த்து, அந்தக் கட்டடத்தைப் பெருக்க வானகரத்திலிருந்து வரும் வேம்புலியம்மாள் பூட்டுவாள். விசிறி சுற்றினால் பாஸ்.

தாமதமாக வந்ததால் பக்தவத்சலத்தை ஏழாவதாக, கடைசியில் போட்டார்கள். எட்டே வரி எழுதினார். தனக்கு முன்னால் காத்திருந்த இன்னொரு கையேட்டுக்காரர் கஜபதியின் கையில் ஆறு பக்கம் இருந்தது. பயந்துபோய் ஒன்பது பக்கமாக்கினார். அதில் இறக்கைக்கு முன்பே மூடி வந்துவிட்டது. சரிசெய்ய, 'பக்கம் ஏழைப் பார்த்துவிட்டு மூன்றுக்குத் திரும்பவும்' என்று சேர்த்தார். கடைசியில் இறக்கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. நேரம் முடிந்து தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கஜபதி உட்பட ஆறு பேருக்கும் விசிறி சுற்றவில்லை. வேலை போகப்போகும் செய்தியை மனைவி கஸ்தூரியிடம் எப்படிச் சொல்வது என்று பக்தவத்சலம் மனதுக்குள் வாக்கியம் அமைத்துப் பார்த்தார்.

வேம்புலியம்மாள் ஒன்பது பக்கத்தையும் புரட்டினாள். கீழே வைத்தாள். இரண்டே நிமிடத்தில் விசிறி சுற்றியது.

தேர்வு அதிகாரி சண்முகசுந்தரம் எழுந்து வந்து கைகுலுக்கினார். பக்தவத்சலம் மற்ற ஆறு பேர் பக்கம் திரும்பினார். "இனிமே சான்றிதழ் இல்லாதவன் பேனாவையே தொடக் கூடாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"எந்த இடம் உனக்கு நல்லாப் புரிஞ்சுதுன்னு இவங்களுக்குச் சொல்லும்மா."

வேம்புலியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எய்தினது ஒண்ணுமே புரியல சார், காலைலேர்ந்து ஆறு தபா மாட்டிப் பாத்ததுல கை பழகிக்கிச்சு, இனிமே எவன் எய்திக்கினு வந்தாலும் பாஸுதான்."