பணம் யார் கொடுத்தது?

ஃப்ளெக்ஸ் பேனரில் அடிவரியை எடுக்கச் சொன்னதில்தான் ஜோசப்ராஜுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

மகள் ஷாரன் குடிநீர் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். காதுகுத்துக்கே பேனர் வைக்கும் மேனாம்பேட்டில் இதற்கு வைக்காமல் இருக்க முடியுமா? அவளுடைய கட்டுரையைச் சுருக்கி, தமிழாக்கி, பத்தடியில் அடிக்கக் கொடுத்தார். 'டாக்டர்' என்ற எழுத்து அவள் முகத்தைவிடப் பெரியது. நீர்மணி ஃபில்டரில் ஊற்றும் தண்ணீர் சுத்தமாகாமல் அப்படியே வெளியே வருகிறது என்பதுதான் கட்டுரையின் சாரம். அடியில், ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயர்.

"அந்தப் பேரு மட்டும் வேணாம்பா," என்றார், பேனர் கடை துலுக்கானத்திடம். காசு வாங்கிக்கொண்டு எழுதினாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அந்த இடத்தில் துலுக்கானம் ஒரு ரோஜாப் பூவைப் போட்டான்.

பேனர் ஏறிய அன்றே எதிர்வீட்டு சம்பந்தம் வந்துவிட்டார். அவர் வீட்டில் இருப்பது நீர்மணி. இத்தனை சோதனைக்கும் பணம் யார் கொடுத்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் ஜோசப்ராஜ்.

பென்ஷனில் அது எப்படி முடியும் என்று சம்பந்தம் குடைந்தார். உடனே ஜோசப்ராஜ் வெளிநாட்டுச் சொந்தக்காரர்களைத் துணைக்கு இழுத்தார். மாலைக்குள் டீக்கடை தீர்ப்பே எழுதிவிட்டது: ஏதோ வெளிநாட்டு ஃபில்டர் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு ஷாரன் நீர்மணியைக் கவிழ்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேனரடியில் கூட்டம் கூடியது. படித்த ஊரிலிருந்து காலையில் வந்திறங்கிய ஷாரனும் நின்றிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பொண்ணு வெல போய்டுச்சு," என்றார் சம்பந்தம்.

ஊரே பார்க்க மகளுக்குப் பெருமை சேர்க்கப் போய், அவள் பெயரையே கெடுத்துவிட்டார் ஜோசப்ராஜ்.

ஷாரன் பேனரை அண்ணாந்து பார்த்தாள். "அடில ஒரு வரி இருக்கணுமேப்பா. யார் பணம்னு சொல்றதுல எனக்கு என்ன வெக்கம்? ஏன் எடுத்தீங்க?"

சரிந்த பேனரை இழுத்துக் கட்ட வந்திருந்த துலுக்கானம் ஏணியிலிருந்தே சம்பந்தத்தைப் பார்த்தான்.

"இன்னா சார் நீ? துட்டு குட்த்ததே நீர்மணிக்காரன்தான். அவன் துட்டுலயே அவன் ஃபில்டர் வேஸ்ட்டுனு எழுதிக்கீது இந்தப் பொண்ணு."