கிலுக்கண்ணையும் குட்டி போட்ட பாம்பும்

சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த தமிழர்களில், கம்பளிக் கடைக்குப் போய்ப் பாம்புக்குப் போடக்கூடிய மாதிரி ஏதும் இருக்கிறதா என்று விசாரித்த ஒரே மனிதர் எங்கள் கிலுக்கண்ணைதான். கடைக்காரப் பெண் கழுத்தில் சுற்றும் சால்வையை எடுத்துக் காட்டினாளாம். "நீளம் சரிதான் தம்பி. ஆனா தலை எந்தப் பக்கம் எண்டு அதுக்கே குழம்பிப்போகும்" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வின்டர்தூர் நகரில் நானும் அவரும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறையில் இருந்தோம். நான் ஓர் உணவகத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் நகருக்கு வெளியே, ஊர்ஸ் என்ற சுவிஸ்காரர் நடத்திய சிறிய பாம்புக் காட்சிச்சாலையில் கூண்டுக் கண்ணாடி துடைக்கப் போனார். பாம்பின் படத்தைக் கண்டாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆள். நீளத் தடியில் துணியைக் கட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு துடைத்ததில், கண்ணாடியைவிடச் சுவர்தான் அதிகம் பளபளத்தது.

ஒருநாள் தடி கண்ணாடியில் இடித்துவிட்டது. உள்ளே சுருண்டு கிடந்த பாம்பு வாலைத் தூக்கிக் கிலுகிலுவென்று ஆட்டியது. அமெரிக்கப் பாலைவனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பு. கடித்தால் கதை முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"டேய் தம்பி, அது கடிக்க முதல் மணியடிச்சுச் சொல்லுதடா."

"அதுக்கென்ன அண்ணை?"

"எங்கட ஊரில ஆரடா சொல்லிப்போட்டு அடிச்சவன்? பிளேனில வந்து குண்டு போட்டவன் சொன்னவனோ?"

அன்றிலிருந்து அவருக்குப் பாம்பைத் தவிர வேறு பேச்சே இல்லை. லீவு நாளிலும் பாம்புச்சாலையில்தான் கிடந்தார். கொக்கித் தடியால் பாம்பைத் தூக்கக் கற்றார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கக் கற்றார். கடைசியில் கிலுகிலுப்பைப் பாம்புகள் முழுவதையும் ஊர்ஸ் அவர் பொறுப்பில் விட்டுவிட்டார். அங்கிருந்த தமிழ்ச் சனமும் அவருடைய சொந்தப் பெயரை மறந்து, கிலுக்கண்ணை என்றே கூப்பிடத் தொடங்கியது.

அவருடைய ஒரே ஆசை, அவற்றில் ஆணும் பெண்ணுமாக இருந்த ஒரு சோடி குட்டி போட வேண்டும் என்பது. அதுதான் நடக்கவில்லை. பாலைவனத்துப் பிராணிகள் பனியில் வாடுமே என்று இரவும் பகலும் சூட்டை ஏற்றி வைத்தார். சோடி ஆளுக்கொரு மூலையில் சொகுசாகப் படுத்துக்கொண்டது. சில மாதம் குளிரவிட்டால்தான் வசந்தத்தில் சேரும் என்று ஊர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"குளிரில ஆருக்கடா காதல் வரும்? எனக்கு இஞ்ச வந்து இவ்வளவு காலம், வந்ததோ?" என்று என்னிடம் நியாயம் கேட்டார் அண்ணை.

மூன்றாவது குளிர்காலத்தில்தான் அரைமனதோடு சூட்டைக் குறைத்தார். கம்பளிக் கடைக்குப் போனது அப்போதுதான். வசந்தம் வந்தது. ஊர்ஸ் சொன்னதுதான் சரி. பெண்பாம்பின் வயிறு மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்கியது.

அதே நேரத்தில் பக்கத்து நகரமான ஊஸ்டரில் இருந்த அன்ரி ஒருவர் அண்ணைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டு வந்தார். வந்தவர் மீன் பொரிக்கலாம் என்று எங்கள் ஐஸ்பெட்டியைத் திறந்தார். உள்ளே பையில் வரிசையாக வெள்ளெலிகள்.

"ஐயோ! இதுதான் மாப்பிள்ளையின்ர சாப்பாடோ?"

"இல்லை அன்ரி, அது பிள்ளையளின்ர" என்றார் அண்ணை, மிகவும் பணிவாக.

கொழும்பில் காத்திருந்த பெண்ணின் பெயர் சுகந்தி. மிருக வைத்தியர் என்று சொல்லச் சொல்லி அன்ரி படித்துப் படித்துச் சொன்னார். அண்ணை தொலைபேசியை எடுத்தார். நானும் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நான் பாம்பு வளர்க்கிறன். நஞ்சுப் பாம்பு. பிடிக்காட்டி இப்பவே சொல்லுங்கோ."

அன்ரி நெற்றியில் கை வைத்தார்.

"அது முட்டையோ, குட்டியோ?" என்றாள் சுகந்தி.

"கு... குட்டி."

"எங்கட புடையன் பாம்பு மாதிரித்தான், என்ன?"

அண்ணையின் கையிலிருந்து தொலைபேசி நழுவியது. கல்யாணம் நிச்சயமானது.

இலையுதிர்காலத்தில் அவள் வந்து இறங்கிய நாளில், நாங்கள் விமான நிலையத்துக்குப் புறப்படும்போது ஊர்ஸின் அழைப்பு வந்தது. பாம்பு குட்டி போடத் தொடங்கிவிட்டது. ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு அண்ணை வாசலில் நின்றார். மூன்று வருடம் காத்திருந்த குட்டி ஒருபக்கம், கடல் தாண்டி வருகிறவள் ஒருபக்கம்.

"அவ தனிய நிப்பா. எயார்போட்டுக்குக் காரை விடு" என்றார் என்னிடம்.

பட்டுச் சேலையில் நடுங்கிக்கொண்டு வந்த சுகந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? என்னைப் பிடிக்கேல்லையோ?"

"அதில்லை... பாம்பு குட்டி போடுது."

"அப்ப ஏன் இஞ்ச நிக்கிறியள்? காரை எடுக்கச் சொல்லுங்கோ!"

ஊஸ்டரில் அன்ரி சமைத்த சோறு ஆறட்டும் என்று நேரே பாம்புச்சாலைக்குப் போனோம். மெல்லிய சவ்வுப் பையைக் கிழித்துக்கொண்டு கடைசிக் குட்டி தலையை நீட்டிய நேரம். பென்சில் தடிப்பில் மற்றவை தாயைச் சுற்றி நெளிந்தன. அண்ணை கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சத்தமில்லாமல் அழுதார். சுகந்தி அருகில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"குட்டியள் வாலை ஆட்டுது. ஏன் சத்தம் வரேல்லை?"

"இப்ப வராது. ரெண்டு தரம் தோல் கழட்டோணும். மாசக்கணக்காகும்."

"ஓம், அதுக்கென்ன. நான் இனி இஞ்சதானே இருக்கப்போறன்."

அன்று வீட்டுக்கு வந்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்து "எங்கட வீட்டில நல்ல காரியம்" என்று சொன்னேன். கல்யாணத்தைச் சொன்னேனா, குட்டிகளைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. 'எங்கட வீடு' என்று நான் அந்த நாட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை.