தண்ணீரில்லாமல் ஓடிய எழுபத்தொன்றாம் மாடல்

வாயைத் திறந்து கெட்டவர்களைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. திறக்காமல் கெட்டவன் நான். இதைச் சொல்ல இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் என்னைவிட மோசமாகச் சொல்கிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி, எலப்புள்ளியில் மாமனார் வீட்டோடு இருந்தேன். (வீட்டோடு மாப்பிள்ளைக்கு நாற்காலி உண்டு. பேச்சு கிடையாது.) படிப்பு ஒன்பதாம் வகுப்பு. வேலை பம்புசெட் ரிப்பேர் கடையில்.

மாமனாருக்கு மாட்டுச் சந்தையில் பெரிய பேர். அங்கே யாரோ அவர் காதில் ஒரு செய்தியைப் போட்டார்கள். பீர்மேடு பக்கத்து எஸ்டேட் துரை சீமைக்கே திரும்பிப் போகிறாராம். அவரிடம் இரண்டு ஸ்பீடு போட்டுகள் (விசைப்படகுகள்) இருக்கின்றனவாம். ஒன்றை வாங்கினால் எங்கள் பக்கத்து அணையில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஓட்டலாம் என்று மாமனார் முடிவு செய்தார்.

"மாப்ளே, நீங்கதான் ஓட்டோணும். உங்குளுக்குன்னு ஒரு தொழில் ஆச்சு" என்றார்.

என் மனைவி சரசு அன்றைக்கே தனி வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "போட்டு ஓடட்டும், அடுத்த மாசமே தனி அடுப்பு" என்றாள். ஆக, வாங்கப் போவது படகல்ல, எங்கள் வீடு.

கடை முதலாளியிடம் யோசனை கேட்டேன். "ஒண்ணு அறுவத்தாறு மாடல், இன்னொண்ணு எழுவத்தொண்ணு மாடலுங்க. எதை எடுக்கறது?"

"மிசினுக்கு வருசத்துல வயசு ஏறாதுடா. சும்மா கெடந்தாத்தான் கெழடாகும். ஓடிட்டிருக்கறதப் பாத்து எடு" என்றார்.

இந்தப் புத்திமதியை மனப்பாடம் செய்துகொண்டு, பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி மாமனாரோடு மலையேறினேன். வழியில் அவர் மாட்டுச் சந்தைச் சட்டத்தைப் போட்டார்.

"விக்கறவன் முன்னால வாயத் தொறக்கப்படாது. நம்ம ஆளு பேசுனா வெல ஏறிப்போகும். துண்டுக்கடியில என்ற கையப் புடிச்சுக்குங்க. ஒரு வெரலப் புடிச்சா வாங்கலாம். ரெண்டு வெரலு, வேண்டாம். அஞ்சையும் சேத்துப் புடிச்சா, மாடு முழுசுக்கும் குத்தமில்ல, பேசி முடிங்கன்னு அர்த்தம்."

"மாடு இல்லீங்க மாமா, போட்டு."

"எல்லாம் ஒண்ணுதானுங்க மாப்ளே."

எஸ்டேட்டில் எங்களை வரவேற்றவர் துரையின் சமையற்காரர் சுடலை. விற்கும் பொறுப்பையும் துரை அவரிடமே விட்டிருந்தார். அறுபத்தாறு மாடல் குளத்தில் கட்டிக் கிடந்தது. சாயம் போய், பக்கமெல்லாம் கீறல். சுடலை கயிற்றை இழுத்ததும் இருமிவிட்டுக் கிளம்பி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. துண்டுக்கடியில் ஒரு விரலைப் பிடித்தேன்.

மாமனார் கையை உதறினார். "இருமுது. இதப் போயி ஆரு வாங்குவாங்க? இன்னொண்ணக் காட்டுங்க."

எழுபத்தொன்றாம் மாடல் மேட்டில், ஷெட்டுக்குள், ஒரு மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சிவப்பு. கீறல் இல்லை. முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"துரை ரெண்டே தடவதான் ஓட்டினாக அண்ணாச்சி. நாலு வருசமா இங்கனயே கெடக்கு" என்றார் சுடலை.

நாலு வருடமாகச் சும்மா. முதலாளி சொன்ன அதே கிழடு. இரண்டு விரலைப் பிடித்தேன். மாமனார் கவனிக்கவில்லை. பின்னால் மாட்டியிருந்த இன்ஜினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன குதிரைங்க?"

"நாப்பது."

மாமனாருக்கு மூச்சு நின்றது. எங்கள் கிணற்று மோட்டார் ஐந்து குதிரை. "நாப்பது! அதுவும் அஞ்சு வருசம் எளசு! எங்கீங்க, ஓட்டுங்க, சத்தத்தக் கேப்போம்."

"தண்ணியில வச்சுத்தான் ஓட்டணும் அண்ணாச்சி. எறக்க ஆறு ஆளு வேணும். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, ஒருத்தனும் வரமாட்டான்."

"மாட்ட வண்டியில பூட்டித்தான் பாக்கோணுமுங்களா? நின்ன எடத்துலயே தெரியும். போடுங்க."

இங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். இந்த இன்ஜின் வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உறிஞ்சுவது ஒரு சின்ன ரப்பர் பம்பு. வெறும் பம்பை ஓட்டினால் எரிந்துபோகும் என்பது எங்கள் கடையில் முதல் நாள் பாடம். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். கடவுள் எஸ்டேட் வரை வந்து அதே கேள்வியைக் கேட்கிறார், நான் துண்டுக்கடியில் விரல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்ஜின் அலறியது. ஷெட்டின் தகரம் ஆடியது. மாமனார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. "இன்னும் முறுக்குங்க!" என்றார். சுடலை முறுக்கினார். ரப்பர் கருகும் வாசனை வந்தது.

இரண்டு விரலைப் பிடித்தேன். சத்தத்தில் அவருக்கு உறைக்கவில்லை. அழுத்தினேன். திருகினேன். புகை கிளம்பியதும் பயத்தில் அவர் கையை அப்படியே மொத்தமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து விரலும்.

மாமனார் என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுடலையின் பக்கம் திரும்பி, சத்தத்துக்கு மேல் கத்தினார்: "முடிச்சாச்சுங்க! துரை சொன்ன வெலைக்கே எடுத்துக்கறோம்!"

'டக்' என்றது இன்ஜின். நின்றுவிட்டது.

சுடலை கயிற்றை இழுத்தார். அசையவில்லை. "என்ன அண்ணாச்சி, நீங்க வாங்குனதும் உறங்கிருச்சு?" என்றார்.

சந்தையில் முடித்த பேச்சை மாமனார் ஒருநாளும் மாற்றியவரல்ல. அன்றும் மாற்றவில்லை. செத்த இன்ஜினோடு சிவப்புப் படகு லாரியேறி எலப்புள்ளி வந்தது. கடை முதலாளி இன்ஜினைப் பிரித்து, கருகிய ரப்பரை விரலில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏண்டா, அஞ்சு வருசமா என்ற கடையில என்னடா பண்ணிட்டிருந்தே?"

பதில் சொல்லவில்லை. (பழக்கம்.) இந்த இன்ஜினுக்குப் பாகம் கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை, கொச்சியிலும் கிடைக்கவில்லை. படகைத் தொழுவத்துக்கு முன்னால் போட்டோம். மாடுகள் அதில்தான் தண்ணீர் குடித்தன. தொட்டியாக அது நல்ல படகு, ஒருநாளும் ஒழுகவில்லை. நாங்கள் தனி அடுப்பு வைக்க மேலும் ஆறு வருடம் ஆயிற்று.

மாமனார் ஒரே ஒரு தடவைதான் கேட்டார், அதுவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே. "எரியுதுன்னு தெரிஞ்சுதுங்களா மாப்ளே?"

"தெரிஞ்சுதுங்க மாமா."

"அப்பறம் ஏனுங்க சொல்லுல?"

"வாயத் தொறக்கப்படாதுன்னு சொன்னீங்களேங்க."

அவர் அடுத்த மாட்டை அவிழ்த்துத் தொட்டிக்கு ஓட்டி வந்தார்.

சரசு மட்டும் இன்றுவரை விடவில்லை. கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி, நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பாள். பிள்ளைகளும் பேரன்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

"ஏனுங்க, இப்ப என்ன எரியுது?"