தாமதமில்லாத செத்தவீடு

மனித நாகரிகம் தன் உச்சியைத் தொட்ட இடம் எது என்று கேட்டால், படித்தவர்கள் ஏதாவதொரு பெரிய நகரத்தின் பெயரைச் சொல்வார்கள். பாவம், அவர்களுக்குப் புங்குடுதீவு தெரியாது. நாகரிகம் உச்சியைத் தொட்டது அந்தத் தீவின் இறுப்பிட்டியில். பரமலிங்கத்தாரின் வீட்டு விறாந்தையில். உயிரோடிருந்த பரமலிங்கத்தார் செத்தவரைப்போலக் கால் நீட்டிப் படுத்திருந்த கட்டிலடியில்.

இந்தச் சாதனைக்கு அடிகோலியவர் பக்கத்து வளவு ஐயம்பிள்ளை. அவர் செய்ததெல்லாம் தைப்பொங்கலுக்கு முதல் வாரம் செத்துப்போனதுதான். அவருடைய மகள் பாரிசிலிருந்து வீடியோவில் அழுதாள். லைன் இழுத்தது. கடைசியாக ஒருக்கால் கும்பிடச் சொன்ன நேரத்தில் திரையில் அவள் முகம் கொட்டாவி விட்டபடி நின்றுபோயிற்று. "ஐயோ என்ரை அப்பா!" என்ற அழுகை ஒலிபெருக்கியில் வந்து சேர்ந்தபோது பாடை வாசல் படலையைத் தாண்டிவிட்டது. முற்றத்தில் மிஞ்சியவர், வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரே ஒருவர். பண்பான மனிதர், கதிரையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்காகக் கொஞ்ச நேரம் அழுதார்.

செய்தி வெளிநாடுகளைக் கலக்கியது. பரமலிங்கத்தாருக்கு மூன்று பிள்ளைகள்: ரொறொன்ரோவில் மூத்தவன் பிரதாபன், சூரிச்சில் இளையவன் கஜீபன், லண்டனில் மகள் நிலாந்தி. மூவரும் அன்றே வட்சப்பில் 'அப்பா நேரலைக் குழு' அமைத்துக் கூடினார்கள். அப்பாவுக்குக் குழுவில் இடமில்லை. சம்பந்தப்பட்டவரை வைத்துக்கொண்டு மனம்விட்டுக் கதைக்க முடியுமா? "எங்கடை அப்பாவுக்கு இப்பிடியொரு கேவலம் வரக்கூடாது" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புது ரவுட்டர் வந்தது. அதைப் பூட்ட வேலணையிலிருந்து தேனுஜன் வந்தான்.

பரமலிங்கத்தார் மறுக்கவில்லை. ஏன் மறுக்கிறார்? அந்த லைனோடு அவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. மனைவி போன பிறகு, ஒவ்வொரு வருடமும் பக்கத்துத் தீவில் திருவிழா நடக்கும் ஆனி மாதம் நெருங்க, அவர் பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் கேட்பார்: "நயினை அம்மன் தேருக்கு வாறியளோ?" ஒவ்வொரு வருடமும் சரியாக அந்த இடத்தில் லைன் இழுக்கும். "கேக்கேல்லை அப்பா, பிறகு எடுக்கிறன்" என்பதோடு அறுந்துவிடும். பிள்ளைகள் மறுமொழி சொல்லித்தான் இருப்பார்கள், பாழாய்ப்போன லைன்தான் அதைக் கடலுக்குள் விட்டுவிட்டது என்று மனிதர் முழுமனதாக நம்பினார். இந்த முறை அது கரைசேர்ந்துவிடும். சந்தோசம் தாங்காமல் தேனுஜனுக்குக் கணவாய்க் கறியோடு சோறு போட்டார்.

தேனுஜன் மடிக்கணினியைத் திறந்தான். "முதல்லை பிங் பண்ணிப் பாக்கவேணும் ஐயா."

"அதென்ன தம்பி?"

"இங்கையிருந்து ஒருக்கால் கூப்பிட்டுட்டு, மறுமொழி வர எவ்வளவு நேரம் செல்லுது எண்டு பாக்கிறது."

"அதைத்தானே நானும் இவ்வளவு வருசமாச் செய்யிறன்" என்றார் பரமலிங்கத்தார்.

மறுமொழி வர மூன்று செக்கன் சென்றது. தேனுஜன் ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஜன்னலடியில் வைத்தான். அதே மூன்று செக்கன். வயர் பூட்டிப் பார்த்தான். அசையவில்லை. கடைசியில் ரவுட்டரைத் தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் கழற்றத் தொடங்கினான். கமராக்களைக் கழற்றியதும் லைன் பறந்தது.

கமராக்கள் நான்கு. அவற்றைப் பூட்டுவித்த பிள்ளைகளின் பாசத்துக்கு அவையே சாட்சி. ஒன்று படலையைப் பார்க்கும், ஒன்று தென்னைகளை, ஒன்று கிணற்றடியை, ஒன்று மேற்கு வேலியை. வேலி இரவோடிரவாக நகரக்கூடியது என்பதால் பிரதாபன் அதை ரொறொன்ரோவிலிருந்து கண்கொட்டாமல் பார்த்தான். பிரதாபன்மேல் நம்பிக்கை இல்லாததால் கஜீபனும் பார்த்தான். பரமலிங்கத்தாரைப் பார்க்கக் கமரா இல்லை. அவர் நகரமாட்டார். போன மாரியில் அவர் கிணற்றடியில் சறுக்கி விழுந்தபோது கஜீபன் உடனேயே எடுத்து, "அப்பா, வாளி கிணத்துக்கை விழுந்திட்டுது" என்று அறிவித்தான்.

"இந்தக் கமராவள்தான் ஐயா லைனை அடைச்சுக்கொண்டு நிக்குது" என்றான் தேனுஜன். "நீங்கள் கதைக்கிறது அதுகளுக்குப் பின்னாலை வரிசையிலை நிண்டுதான் போகுது."

குழு அவசரமாகக் கூடியது.

"செத்தவீட்டண்டு மட்டும் கமராவை நிப்பாட்டுவம்" என்றாள் நிலாந்தி.

"உனக்கென்ன விசரோ? அண்டைக்குத்தான் சனம் கூட வரும். வேலியை ஆர் பாக்கிறது?" என்றான் பிரதாபன்.

நீண்ட விவாதத்தின் பின் இணக்கம் பிறந்தது: கமராக்களும் ஓடும், ஆனால் அப்பாவுக்கு 'முதலிடம்' வழங்கப்படும். தேனுஜன் கமராக்களைத் திரும்பப் பூட்டிவிட்டு, ரவுட்டருக்குள் போய் வரிசையை மாற்றினான். அப்பா முன்னே, வேலி பின்னே. மூன்று செக்கன், ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதற்குக் கீழே இறக்க ஏலாது, நடுவில் கடல் இருக்கிறது என்றான்.

அடுத்தது ஒத்திகை. பரமலிங்கத்தார் தாமாகவே போய்க் கட்டிலில் படுத்தார்.

"அப்பா, அசையாதேங்கோ" என்றான் கஜீபன் திரையிலிருந்து.

"மூச்சு விடலாமோ?"

"மெதுவா விடுங்கோ."

நிலாந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு "ஐயோ என்ரை அப்பா!" என்று அழுதாள். ஆகா! அவள் வாய் திறந்ததும் ஒலி வந்தது. வாயும் அழுகையும் ஒன்றையொன்று பிரியவில்லை. அண்ணன்மார் இருவரும் கைதட்டினார்கள்.

"அப்பாவுக்கு இனி ஒரு குறையும் இல்லை" என்றான் பிரதாபன்.

அந்த நேரம் பார்த்துப் பிரேதம் கண்ணைத் திறந்தது. "பிள்ளையள், நல்ல வடிவாக் கேக்குதோ?"

"பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு அப்பா!"

"அப்ப சொல்லுங்கோ. நயினை அம்மன் தேருக்கு வாறியளோ? ஆராவது ஒராள் வந்தாலும் காணும்."

பிரதாபன் காதைத் தட்டினான். "ஹலோ… அப்பா… லைன் இழுக்குது."

"ஓம், எனக்கும் விட்டு விட்டுத்தான் வருகுது" என்றான் கஜீபன்.

நிலாந்தி வாயைத் திறந்தபடி படம் நின்றுபோனதுபோல அசையாமலிருந்தாள். அவளுடைய தலைக்குப் பின்னால் சுவர்மணிக்கூட்டின் செக்கன் கம்பி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூவரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள்.

பரமலிங்கத்தார் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, உண்மையைச் சொல்லும். லைன் இழுத்ததோ?"

தேனுஜன் கணினியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவனுக்கு மறுமொழி சொல்ல மூன்று செக்கனுக்கு மேலே சென்றது. "இல்லை ஐயா."

கிழவர் இத்தனை வருடமும் ஒரு பாவமும் அறியாத லைனையல்லவா திட்டியிருக்கிறார்! கொஞ்ச நேரம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார்.

"இந்தக் கட்டிலிலை ஒருக்காப் பிடியும்."

"எங்கை ஐயா?"

"மேற்கு வேலியடிக்கு. அங்கை கிடந்தனெண்டால் பிள்ளையள் ஒவ்வொரு நாளும் என்னைப் பாப்பினம்."

இருவருமாகக் கட்டிலைக் கொண்டுபோய் வேலியடியில் வைத்தார்கள். பரமலிங்கத்தார் கமராவைப் பார்த்தபடி படுத்தார். விஞ்ஞானத்தின் வெற்றியை இனி யாரும் சந்தேகிக்க முடியாது: அவர் தலையணையைச் சரிசெய்து முடிக்குமுன் தொலைபேசி அடித்தது. ரொறொன்ரோ. குரல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

"அப்பா, கட்டிலை உங்காலை தள்ளிப் போடுங்கோ. வேலியை மறைக்குது."