இன்னும் வந்து சேராத ரோவினா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் அது முன்பதிவுச் சிரிப்பு. உரிய வரியில் மட்டுமே செல்லும். முந்திக்கொண்டு சிரிப்பவர்கள்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.

தங்கையின் கல்யாணக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ரோவினா தார்ன்பெக்கிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டாள். மலிவு விலை முன்பதிவுச் சீட்டு, குறித்த வண்டிகளில் மட்டுமே செல்லும். மார்விக் சந்திப்புவரை ஒரு குட்டி வண்டி, அங்கிருந்து லண்டன் வண்டி. இலையுதிர்காலம் வேறு, தண்டவாளத்தில் நாலு இலை விழுந்தாலே குட்டி வண்டி படுத்துவிடும். அதனால் சீட்டில் போட்ட குட்டி வண்டிக்கு முந்தையதிலேயே ஏறிவிட்டாள். எதிர் இருக்கையில் ஊர்க்காரர் நெவில், லண்டன் வண்டிக்குக் கொடி காட்டிக் கிளப்பும் கார்டு. அவளுடைய பிளாஸ்கிலிருந்து டீ வாங்கிக் குடித்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க. அடுத்த வண்டியை நம்பினா, பிள்ளைக்குப் பேர் வைக்கத்தான் போய்ச் சேருவீங்க."

மார்விக்கில் இறங்கியதும் தொப்பியை மாட்டினார். மனிதர் மறைந்து நிர்வாகம் தோன்றியது. லண்டன் வண்டியின் வாசலில் நின்று அவள் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"மன்னிக்கணும் மேடம். நீங்க இன்னும் வரலை."

"இதோ நிக்கிறேனே!"

"அது உங்க சொந்த அபிப்பிராயம். சீட்டுப்படி நீங்க தார்ன்பெக்கில இருக்கீங்க. உங்க வண்டி வந்ததும் அதுலேருந்து இறங்கி வாங்க."

"ஏறாத வண்டியிலேருந்து எப்படிய்யா இறங்குறது?"

"அதைப் பயணி முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

பின்னால் வரிசை தொண்டையைக் கனைத்தது. அந்த ஊர்ப் பக்கம் அதுதான் கலவரம்.

"விதின்னா விதிதாம்மா," என்றார் குடை வைத்திருந்த ஒருவர். "ஆளாளுக்கு முன்னாடியே வந்துட்டா நாடு என்னாகும்?" வரிசை மொத்தமும் தலையாட்டியது.

ஒலிபெருக்கி கரகரத்தது: "இலைகள் காரணமாகத் தார்ன்பெக் வண்டி காலவரையின்றித் தாமதம். வருந்துகிறோம்."

ரோவினா கேக் டப்பாவை இறுகப் பிடித்தாள்.

"நெவில், உங்களை எந்தக் குட்டி வண்டில வரச் சொல்லி உத்தரவு?"

"உங்க சீட்டுல இருக்கிற அதே வண்டிதான். லேட்டாயிடக் கூடாதேன்னு நானும்..."

"அப்போ இந்த வாசல்ல நிக்கிறது யாரு?"

நெவில் நேர்மையான அதிகாரி. முகம் வெளுத்துவிட்டது.

"நானும் இன்னும் வரலை," என்றார்.

தொப்பியைக் கழற்றிவிட்டு நடைமேடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"இதல்லவா கடமை உணர்ச்சி!" குடைக்காரர் கைதட்டினார். வரிசை ஒழுங்காக வண்டியில் ஏறியது. செய்தித்தாளை விரித்தது. காத்திருந்தது.

ரோவினா நெவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. டப்பாவைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு துண்டு வெட்டி அவர் கையில் திணித்தாள்.

விளையாட்டுப் பக்கம்வரை படித்து முடித்த குடைக்காரர் வாசல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, வண்டி ஏன் இன்னும் கிளம்பலை? இதுக்குக் கார்டு யாரு?"

வாய் நிறையக் கேக்கோடு நெவில் கையை உயர்த்தினார்.

குடைக்காரரின் செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

வாசகர்கள் இப்போது சிரிக்கலாம். முன்பே சிரித்தவர்கள் இன்னும் சிரிக்கவில்லை.