மகாராணி ஊட்டிய பழம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

அவர் கண்ணை மூடிய பிறகு, மிருகக்காட்சிசாலையில் அவர் பார்த்துவந்த குட்டிக் குரங்குக் கூண்டை எனக்கே கொடுத்தார்கள் அல்லவா, உள்ளங்கையில் அடங்குகிற ஜாதி, அதில் மகாராணி என்று அவர் பேர் வைத்தவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே வீடு நிறையப் பிள்ளைகள், இனி வால் வைக்கவும் இடமில்லை, இன்னொரு பிரசவமானால் ஜோடியைப் பிரித்துவிடுவேன் என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டார். பிரிவது என்னவென்று எனக்குத் தெரியும் அண்ணா. அதனால் மகாராணிக்குக் கொடுக்கச் சொன்ன கருத்தடை மாத்திரையை வாழைப்பழத் துண்டின் நடுவில் வைத்து ஒருநாளும் தவறாமல் கொடுத்தேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால்தான் கிட்டே வருவாள். கண்ணாடியில் மஞ்சள் வெயில் விழும்போது, பழத்தின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு, நடுத்துண்டை வீட்டுக்காரர் வாயில் ஊட்டுவாள். என்ன பாசம். பார்த்துக்கொண்டே நின்றால் பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். நானும் கசக்கிறதையெல்லாம் அவருக்குத்தானே கொடுப்பேன், பேசாமல் சாப்பிடுவார்.

மகாராணியின் வயிற்றைப் பார்த்து டாக்டர், "மருந்து நல்லா ஒத்துக்கிச்சும்மா, சதை போட்டிருக்கா" என்றார். வீட்டுக்காரர்தான் எந்நேரமும் தூக்கம். அதற்கு, "வயசாகுதுல்ல" என்றார் டாக்டர்.

ஆகவே எனக்கு இங்கே வேலை முடிந்தது. சட்டையைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். நீங்கள் ஒழித்துவைத்த அறை போதும். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உங்கள் தங்கை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் விடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். காலையில் போனால் வீட்டுக்காரர் முதுகில் இரண்டு குட்டிகள். இதுகளில் அப்பன்தான் சுமப்பான்.

"மாத்திரைய யாரும்மா சாப்பிட்டது?" என்றார் டாக்டர்.

"அவ ஊட்டினா சார், அவன் சாப்பிட்டான்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிரிக்கணும்னா கூண்டுச் சாவி வேணும் சார். அது இந்தச் சட்டைப் பையில இருக்கு. தரமாட்டேன்."

குனிந்து குட்டிகளைப் பார்த்தார். பிறகு, பெரிய பிள்ளைகளை வேறு கூண்டுக்கு மாற்றலாம், மகாராணிக்குத் தோலுக்கடியில் மருந்து வைத்துவிடலாம், அதை யாருக்கும் ஊட்ட முடியாது என்றார்.

வீட்டுக்காரர் இரண்டையும் சுமந்துகொண்டு தூங்கி வழிகிறார். யாராவது பழம் கொடுக்க வேண்டாமா? வெறும் பழம்தான். சட்டையை இன்று துவைத்துப் போட்டிருக்கிறேன், நாளைக்கு வேண்டும்.